மேட்டுப் பாதைக்கு எந்த சைலன்சர்? சப்ரகமுவவில் டர்போ கார் வைத்திருப்பவருக்கு

அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் ஏ7 வீதியில் காரின் கியர் பெரும்பாலும் இரண்டிலும் மூன்றிலும்தான் கிடக்கும். இரத்தினபுரியைத் தாண்டிப் பெல்மதுளை, பலாங்கொடை என்று போகும் ஏ4 வீதியும், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்கு வரும் ஏ21 வீதியும் அப்படித்தான். வளைவு, மேடு, எதிரே பஸ், மறுபடியும் வளைவு. என்ஜின் நிமிடத்துக்கு 2,500 முதல் 3,500 சுற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சைலன்சர் விற்பவர்களின் விளம்பரத்திலோ 6,000 சுற்றில் இத்தனை குதிரைவலு கூடும் என்று போட்டிருக்கும். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர் என்று வேக எல்லை உள்ள நாட்டில், அதுவும் மலைச் சரிவில், அந்த 6,000 சுற்றைத் தொடும் நேரம் மாதத்துக்குச் சில நிமிடங்கள் இருந்தால் அதிகம். ஆகவே இந்தப் பக்கத்து டர்போ காருக்கு சைலன்சர் தேடுகிறவர், இரண்டாவது கியரில் மேடேறும்போது அது என்ன செய்யும் என்பதை முதலில் கேட்க வேண்டும். குதிரைவலுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கார் என்பதும் முக்கியம். இலங்கையில் டர்போ என்றதும் பழைய ஆட்களுக்கு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸும் மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனும்தான் நினைவுக்கு வரும். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயம், நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இன்று வீதியில் அதிகம் தென்படுபவை வேறு. சிசி அளவை வைத்து வரி போடும் நாட்டில் 1,000 சிசிக்குக் கீழே இருப்பது பெரிய சலுகை. அதனால்தான் பிரிட்டனிலிருந்து 988 சிசி, மூன்று சிலிண்டர், 129 குதிரைவலு ஹொண்டா சிவிக் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியது. அதற்குப் பக்கத்தில் 1.4 லீட்டர், 140 குதிரைவலு, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த காரையே அழகுபார்த்துத் திருத்திக்கொள்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. சைலன்சர் மாற்றும் ஆசையும் அப்படி வளர்ந்ததுதான்.

இனி வேலை நடக்கும் விதம். டர்போவில் இரண்டு சக்கரங்கள் ஒரே தண்டில் சுழல்கின்றன. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் அனுப்புகிறது. புகைப் பக்கச் சக்கரத்தைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அமுக்க வித்தியாசம். முன்னால் 2.5 பார், பின்னால் 1.25 பார் என்றால் விகிதம் 2. பின்னால் உள்ள அடைப்பை நீக்கி அதை 1.1 பாராக்கினால் விகிதம் ஏறக்குறைய 2.3 ஆகிவிடும். அதே புகை, அதே டர்போ, ஆனால் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு இழுவை வரும்வரை காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடி குறைவது இதனால்தான். டர்போ இல்லாத காரில் குழாயின் நீளமும் புகை அலைகளின் ஒழுங்கும் பெரிய விஷயம். சில இடங்களில் குழாயை அளவுக்கு மிஞ்சி அகலமாக்கினால் இழுவை குறையவும் செய்யும். டர்போவுக்குப் பின்னால் அந்த நுணுக்கங்களுக்கு அவ்வளவு இடமில்லை. அடைப்பு குறைந்தால் நல்லது, அவ்வளவுதான்.

அடைப்பு எங்கே இருக்கிறது? பெரும்பாலான கார்களில் டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்பிலும், அதற்குள் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும். கடைசியில் பம்பருக்குக் கீழே மினுங்கும் சைலன்சர் பானையில் இருப்பது சொற்பம். வாங்குகிறவர்கள் செய்வதோ தலைகீழ். கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் பானைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, இழுவை கூடியதாகத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்கள். கூடியது சத்தம் மட்டும்.

அதற்காக டவுன்பைப்பைக் கழற்றி வீசிவிட்டு மூன்று அங்குலக் குழாயைப் போட்டுவிடவும் முடியாது. டர்போ தரும் காற்றமுக்கமான பூஸ்ட் அளவுக்கு மேல் போகாமல் புகையில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு, தொழிற்சாலைக் குழாயின் அடைப்பைக் கணக்கில் எடுத்து அளக்கப்பட்டது. அடைப்பு திடீரென்று குறைந்தால் அந்தக் கதவு முழுதாகத் திறந்தும் போதாமல் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். பழைய இம்ப்ரெஸாக்களில் இது பேர்போன தொல்லை. நல்ல காலமாக இருந்தால் கணினி எரிபொருளை நிறுத்திக் காரை உலுக்கும். கெட்ட காலமாக இருந்தால் என்ஜின் தட்டத் தொடங்கி பிஸ்டன் உடையும். ஆகவே டவுன்பைப் மாற்றினால் என்ஜின் கணினியான ஈசியூவின் டியூனிங்கும் சேர்த்தே செய்ய வேண்டும். அதற்குக் காசு இல்லை என்றால் டவுன்பைப்பைத் தொடக் கூடாது. கெட்டலிட்டிக்குக்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றுவதற்குப் பொதுவாக டியூனிங் தேவைப்படாது.

டியூனிங் செய்பவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம், காருக்கு எந்தப் பெற்றோல் அடிக்கிறீர்கள் என்பது. ஜப்பானியப் பம்புகளில் உயர்தரப் பெற்றோல் ஏறத்தாழ 100 ஒக்டேன். இம்ப்ரெஸாவின் எஸ்.டி.ஐ. வகையும் எவல்யூஷனும் அதை நம்பிப் பிறந்தவை. இங்கே வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். கொழும்பில் 95 அடித்துக்கொண்டு டியூன் செய்த கார், இறக்குவானையிலோ தெரணியகலையிலோ 95 தீர்ந்துபோன நாளில் 92ஐ ஊற்றிக்கொண்டு மேடேறினால் ஆபத்து. கிராமத்துப் பம்பை நம்பி வாழ்கிறவர் கொஞ்சம் அடக்கமான டியூனிங்கைக் கேட்டு வாங்குவது புத்தி.

அடுத்தது புகைப் பரிசோதனை. 2008 முதல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க இந்தச் சான்றிதழ் வேண்டும். லாஃப்ஸ் எகோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரு நிறுவனங்களின் நிலையங்கள் அதைச் செய்கின்றன. பெற்றோல் காருக்கு ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் அளக்கப்படும். கெட்டலிட்டிக்கை வெட்டி எறிந்த கார் அங்கே தடுமாறும். டாஷ்போர்டில் என்ஜின் விளக்கும் எரியும், ஏனென்றால் கெட்டலிட்டிக்குக்குப் பின்னாலுள்ள ஒட்சிசன் சென்சர் அது இல்லாததைக் கண்டுபிடித்துவிடும். சென்சரை ஏமாற்றச் சிறு இணைப்புத் துண்டு விற்கிறார்கள். அது விளக்கை அணைக்கும், புகையைச் சுத்தமாக்காது. மேட்டில் மெதுவாக ஏறும் காரின் பின்னால் நடந்து வருவது பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடையோடு வருபவர்களும் என்பதை நினைத்தால் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இடைவழி ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கெட்டலிட்டிக்கில் சதுர அங்குலத்துக்கு 400 அல்லது அதற்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். 200 துளை கொண்ட ஸ்போர்ட்ஸ் வகை புகையைத் தாராளமாக விடும், ஓரளவு சுத்தமும் செய்யும். தரமானதாக இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் பிளாட்டினம், பலேடியம் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும்.

பொலிஸையும் மறக்க வேண்டாம். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் பெயரில் பஸ், முச்சக்கரவண்டிகளிலிருந்து சட்டத்துக்குப் புறம்பான சோடனைகளைக் கழற்றத் தொடங்கியபோது எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். இரைச்சல் போடும் சைலன்சர் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. காதுக்கு அதைவிடச் சீக்கிரம் எட்டும்.

இரைச்சல் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சப்ரகமுவத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் பல லயன்கள் வீதியை ஒட்டியே நிற்கின்றன. சுவர் இங்கே, வண்டி அங்கே. நீண்ட காலமாக ஜப்பானில் சாதாரண காரின் சைலன்சருக்கு இருந்த எல்லை, நின்ற நிலையில், குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் 96 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். அப்படியென்றால் அரை மீட்டரில் 96 ஆக இருந்தது, 8 மீட்டரில் இருக்கும் லயன் சுவரில் 72. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும் என்பது பொதுக் கணக்கு. ஜப்பான் சட்டத்துக்கு உட்பட்ட, ஒழுங்கான சைலன்சரே இரவு பதினொரு மணிக்கு ஒரு லயனை எழுப்பப் போதும். அதிகாலையில் எழுந்து பால்வெட்டப் போக வேண்டியவர்கள் உறங்கும் இடம் அது. சட்டம் அனுமதித்தாலும் அயல் அனுமதிக்குமா என்பது வேறு கேள்வி. 2010 ஏப்ரலுக்குப் பிறகு ஜப்பானில் தயாரான கார்களுக்கான மாற்று சைலன்சர்கள், ஓடும் நிலையில் முடுக்கும்போது 82 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. வாங்கும்போது அந்த விதிக்கு உட்பட்ட சான்றுத் தகடு பானையில் இருக்கிறதா என்று பார்ப்பது, கடைக்காரர் எடுத்துக் காட்டும் வீடியோவைக் கேட்பதைவிட நம்பகமானது.

டர்போவே பாதி சைலன்சர் என்பது இங்கே உதவிக்கு வரும். புகையின் வேகத் துடிப்பைச் சக்கரம் உறிஞ்சிவிடுவதால், தாராளமான குழாய் போட்டாலும் டர்போ கார் ஓரளவு அடக்கமாகவே ஒலிக்கும். இம்ப்ரெஸாவின் புகழ்பெற்ற ‘தட-தட’ சத்தத்தைத் தேடிக் கடைசிப் பானையை மாற்றுகிறவர்கள் அந்தச் சத்தம் அங்கே பிறக்கவில்லை என்பதை அறிவதில்லை. டர்போவுக்கு முன்னால், இரு பக்கச் சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்கள் நீளத்தில் சமமில்லாமல் இருப்பதால் வருவது அது. சம நீளக் குழாயுள்ள இம்ப்ரெஸாவில் என்ன பானை மாட்டினாலும் அது வராது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான பிந்திய எஸ்.டி.ஐ.கள் பலவும் அப்படித்தான்.

காருக்கு உள்ளே கேட்கும் ரீங்காரம் இன்னொரு தலைவலி. நான்கு சிலிண்டர் என்ஜின் 2,500 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 83 முறை வெடிக்கிறது. அந்த 83 ஹேர்ட்ஸ் ஒலி கார்க்கூட்டின் அதிர்வோடு ஒத்துப்போனால் கண்ணாடி முதல் நெஞ்சுக்கூடு வரை அதிரும். தட்டையான நெடுஞ்சாலையில் கியரை மாற்றித் தப்பிக்கலாம். பலாங்கொடை மேட்டில் அதே சுற்றில் அரை மணி நேரம் போக வேண்டியிருக்கும், பின் இருக்கையில் அம்மாவும் இருப்பார். இதற்குத் தீர்வு உண்டு. குழாயின் ஓரத்தில், ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை ஒட்டினால் அதில் போய்த் திரும்பும் அலை எதிர் அலையாகி ரீங்காரத்தை அமுக்கும். 300 பாகை சூட்டில் ஒலி விநாடிக்கு சுமார் 480 மீட்டர் ஓடும் என்பதால், 83 ஹேர்ட்ஸுக்கு அதன் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். காருக்கு அடியில் அவ்வளவு இடம் கிடைப்பது லேசல்ல. அதைவிட நடுவில் ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர் ஒன்று உள்ள குழாய்த் தொகுதியையே தெரிவுசெய்வது சுலபம். எடையைக் குறைக்கிறோம் என்று ரெசனேட்டரை வெட்டி நேர்க்குழாய் ஒட்டுவதுதான் கராஜ்களில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு.

வால்வு வைத்த சைலன்சர் அடக்கமானதற்கும் சத்தமானதற்கும் நடுவே நிற்கும். மூடினால் அடக்கம், திறந்தால் ஆர்ப்பாட்டம். நல்ல யோசனைதான், ஆனால் மழையிலும் சேற்றிலும் அந்த வால்வின் தண்டு இறுகிவிடும். திறந்த நிலையில் இறுகினால் ஊருக்குத் தொல்லை, மூடிய நிலையில் இறுகினால் என்ஜினுக்கு.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சப்ரகமுவவில் இரும்பைப் பற்றிப் பேச முடியாது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெளியே மழை, உள்ளே வேறு தண்ணீர். ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் நீர் ஆவியாக வெளியேறும். கடைவீதிக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் காரில் குழாய் முழுதாகச் சூடேறுவதில்லை, அந்த நீர் பானைக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். சாதாரண இரும்புக் குழாய் இங்கே சில மழைக்காலம்தான் தாங்கும். தொழிற்சாலைகள் பெரும்பாலும் பாவிப்பது 409 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அதில் குரோமியம் 11 சதவீதம் அளவு, நிக்கல் இல்லை. 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8. இந்த மண்ணுக்கு 304தான். டைட்டேனியம் எடையில் எஃகின் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. அடிபட்டு வெடித்தால் ஊர்க் கராஜில் அதை ஒட்ட ஆள் கிடையாது என்பதால் தோட்டப் பாதைக்கு அது வீண் ஆடம்பரம்.

304 தானா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். 409 ஒட்டும், 304 பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் மலிவான 201 ரகமும் ஒட்டாது, அதில் நிக்கல் குறைவு, துரு சீக்கிரம் வரும். ஆகவே காந்தம் பலமாக ஒட்டினால் 304 இல்லை என்று சொல்லலாம், ஒட்டாவிட்டால் 304 என்று சொல்லிவிட முடியாது. வெல்டிங்கையும் பார்க்க வேண்டும். ஆர்கன் வெல்டிங் செய்த இணைப்பு சீரான சிறு செதில்களாக இருக்கும். குழாயின் உட்பக்கத்தை விரலால் தடவும்போது கறுத்த பொருக்கு உதிர்ந்தால் உள்ளே ஆர்கன் விடாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அரிப்பு அந்த இடத்தில்தான் தொடங்கும். டவுன்பைப்பில் துணிப்பட்டை சுற்றும் பழக்கமும் ஈர நாட்டுக்கு ஒத்துவராது. பட்டை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பத்தைத் தடுக்க வேண்டுமென்றால் டர்போவுக்கு மட்டும் உறை போடலாம், அல்லது குழாய்க்கு செரமிக் பூச்சு அடிக்கலாம்.

குழாயின் அகலத்தில் பேராசை வேண்டாம். ஒரு லீட்டர் சிவிக்குக்கும் 1.4 லீட்டர் ஸ்விஃப்ட்டுக்கும் இரண்டேகால் அங்குலம், மிஞ்சினால் இரண்டரை. 300 குதிரைவலுவை நெருங்கும் சுபாருவுக்கும் எவல்யூஷனுக்கும்தான் மூன்று அங்குலம். காரணம், இழுவையைவிடத் தரைமட்டம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் தொழிற்சாலை விட்ட இடைவெளியே 120 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே அரை அங்குலம் குழாய் தொங்கினால், கற்கள் துருத்திய தோட்டப் பாதையில் ஒரே மாதத்தில் குழாய் நசுங்கும். இங்கே நேராகச் சொல்லிவிடலாம்: ஒரு லீட்டர் சிவிக் வைத்திருப்பவர் சைலன்சரை அப்படியே விட்டுவிட்டு அந்தக் காசில் நல்ல டயர் நான்கு வாங்குவது மேல். மூன்று சிலிண்டர் சத்தத்தைப் பெரிதாக்கிக் கேட்பதில் என்ன இன்பம் இருக்கிறது என்று அதைச் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்குமிடம் பெரும்பாலும் கொழும்புப் பஞ்சிகாவத்தையாகத்தான் இருக்கும். ஜப்பானிலிருந்து வெட்டி இறக்கிய பழைய கார்களோடு வரும் எச்.கே.எஸ்., ஃபுஜிட்சுபோ, பிளிட்ஸ் சைலன்சர்கள் அங்கே அகப்படும். 1973இல் தொடங்கிய எச்.கே.எஸ். போன்ற பெயர்களுக்குப் போலிகளும் உண்டு. பெயர்த் தகட்டை மட்டும் நம்பாமல் ஒட்டுகளையும் அளவுகளையும் பார்க்க வேண்டும். பழைய பானையைக் கையால் குலுக்கினால் உள்ளே கலகலக்கக் கூடாது. ஒலியை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சு எரிந்து போயிருந்தால் முதலில் இருந்ததைவிட மிகச் சத்தமாக இருக்கும். பஞ்சை மாற்றித்தர முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

மாட்டும் பாஸிடம் இரண்டு விஷயம் வற்புறுத்த வேண்டும். இரண்டு மீட்டர் 304 குழாய் 300 பாகை சூடேறினால் பத்து மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு ரப்பர் தொங்கல்களில் இடம் விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பரில் இடிக்கும், ஒட்டு வெடிக்கும். குறுக்காக வைத்த என்ஜின் உள்ள கார்களில் என்ஜின் முன்னும் பின்னும் ஆடும் என்பதால் நெகிழ்குழாய்த் துண்டு கட்டாயம். 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும்.

றப்பர் தோட்டங்களுக்குள் வீடு உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரியில் மரங்கள் இலையுதிர்த்து நிலம் முழுக்கக் காய்ந்த சருகு கிடக்கும். மேடேறி வந்த காரின் கெட்டலிட்டிக் உள்ளே 400 பாகையைத் தாண்டிய சூட்டில் இருக்கும். புதுத் தொகுதி மாட்டும்போது கழற்றிய வெப்பத் தகடுகளைத் திரும்ப மாட்டாமல் விடுவது கராஜ்களில் சாதாரணம். தகடில்லாத காரைச் சருகுக் குவியலின் மேல் நிறுத்துவது தோட்டத்துக்கே ஆபத்து.

கழற்றிய தொழிற்சாலைக் குழாயைக் கராஜிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. அதிலுள்ள கெட்டலிட்டிக்கின் விலை பழைய இரும்புக்காரருக்கு நன்றாகத் தெரியும், “அண்ணே, இது இனி உங்களுக்கு எதுக்கு?” என்று அவர் கேட்பதும் அதனால்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, வாய்களை அடைத்து, நிலத்தில் படாமல் கூரைக்குக் கீழே மாட்டி வைத்தால் புகைப் பரிசோதனைக்கும், ஒரு நாள் காரை விற்க நேர்ந்தால் அதற்கும் கைகொடுக்கும்.